ஆற்றின் மேல் வண்டி ஓடினேன்

என்னுடைய கார்ச் சாவியை, எங்கள் பேச்சில் திறப்பை, மகன் வாங்கிக்கொண்டு போய்ச் சில கிழமைகள் ஆகியிருந்தன. காரைத் திருத்தக் கொடுக்க வேண்டும் என்று சொல்லித்தான் வாங்கினான். மரக்கறிக் கடை வாசலில் நிற்கிற ஒரு மஞ்சள் தூண் என் காரின் பின்பக்கத்தில் முட்டிவிட்டது. நான் முட்டவில்லை, தூண்தான் முட்டியது என்று இன்றைக்கும் சொல்வேன். அந்த இடத்தில் ஒரு தூணுக்கு என்ன வேலை? கார் திருந்தி வந்து வீட்டு வாசலில் நின்றது. திறப்பு மட்டும் திரும்பி வரவில்லை.

நான் பெரிதாக எழுதப் படிக்கத் தெரிந்தவள் அல்ல. இதையும் ஒரு எழுத்தை வைத்து, அதற்குப் பக்கத்தில் இன்னொரு எழுத்தை வைத்து, மேசையில் தேத்தண்ணி ஆற ஆறத்தான் எழுதுகிறேன். ஆனால் கார் ஓடத் தெரியும். பிஸ்கற் செய்கிற தொழிற்சாலையில் விடியற்காலை வேலைக்குப் போக பஸ் கிடைக்காமல் குளிரில் நின்ற காலத்தில் பழகினேன். எழுத்துச் சோதனையைத் தமிழிலேயே செய்யலாம் என்றார்கள். அந்தத் தமிழை வாசிக்கவும் எனக்கு நேரம் பிடித்தது. பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் எழும்பிப் போன பிறகும் நான் இருந்தேன். பாஸ். ஓட்டச் சோதனையிலும் முதல் தரமே பாஸ். இதைச் சொல்லாமல் நான் எந்தக் கதையையும் தொடங்குவதில்லை.

கார் எனக்குச் சும்மா பெருமைக்கு அல்ல. பெருமைக்கும்தான், அது வேறு. வெள்ளிக்கிழமைகளில் ரொறன்ரோவின் அஜின்கோர்ட்டில் மூன்று பெண்கள் என் காரை நம்பி வெளிக்கிட்டு நிற்பார்கள். ஒருத்திக்கு முழங்கால் சரியில்லை. ஒருத்திக்குக் கண் சரியில்லை. மற்றவளுக்கு எல்லாம் சரி, வாய் மட்டும்தான் சரியில்லை. மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போவேன். பிறகு மரக்கறிக் கடை, பிறகு ஒரு கோப்பி, பிறகு ஊர்க்கதை. திறப்புப் போனதோடு நாங்கள் நாலு பேரும் பிள்ளைகளுக்கு எப்போது நேரம் வரும் என்று யன்னலால் பார்த்துக்கொண்டிருக்கிற ஆட்களாகிவிட்டோம். அந்த வாய்க்காரி நாள் தவறாமல் போன் எடுப்பாள். "என்ன, திறப்பு வந்திட்டுதே?" என்று கேட்டுவிட்டு, பதிலைக் கேளாமலே சிரிப்பாள்.

இப்படி இருக்கும்போதுதான் மகன் வந்து, "அம்மா, சனிக்கிழமை உங்களை ஸ்னோமொபிலிலை ஏத்திக்கொண்டு போகப்போறன்," என்றான். ஸ்னோமொபில் என்றால் பனிக்கு மேலே ஓடுகிற வண்டி. மோட்டார் சைக்கிள் மாதிரி ஏறிக் கால் விரித்து இருக்க வேண்டும். மருமகள் போனில் படம் பார்த்து ஆசைப்பட்டு, வடக்கே ஒரு ஏரிக்கரையில் இரண்டு வண்டிகளைப் பதிந்து வைத்திருந்தாள்.

"நீங்கள் ஒண்டும் செய்யத் தேவையில்லை. எனக்குப் பின்னாலை பிடிச்சுக்கொண்டு இருந்தாக் காணும்," என்றான் மகன்.

எனக்கு விளங்கிவிட்டது. பறித்த பொருளுக்காக அழுகிற பிள்ளைக்கு இனிப்புக் கொடுக்கிறான். ஆனால் நானும் இனிப்பை வேண்டாம் என்கிற ஆள் இல்லை.

போகிற வழியில் நெடுஞ்சாலையிலேயே கேட்டேன்.

"தம்பி, என்ரை திறப்பு எங்கை?"

"என்னட்டைத்தான் கிடக்கு." நெஞ்சைத் தட்டிக் காட்டினான். "உள்பொக்கற்றிலை. பத்திரமாக் கிடக்கு."

"பத்திரமா வைக்க அதென்ன தாலிக்கொடியே? தாவன்."

"அம்மா, இனி நீங்கள் ஓடினது காணும். குளிர் முடிய அந்தக் காரை வித்துப்போடுவம். எங்கை போறதெண்டாலும் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ, வாறன்."

"நீ மிசிசாகாவிலை வேலை முடிச்சு வரேக்கை சாமி பள்ளியறைக்குப் போயிடும்."

முன் சீற்றில் இருந்த மருமகள் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுடைய தோள் குலுங்கியது. அந்தப் பிள்ளை சிரிப்பை அடக்கினால் தோளால் வெளியே வரும்.

ஏரிக்கரையில் ஒரு மரவீடு. வண்டி கொடுக்கிறவரும் வழி காட்டிக்கொண்டு வருகிறவரும் ஒரே ஆள்தான். நெஞ்சு வரை தாடி. தாடிக்காரர் என்றே சொல்கிறேன். அவர் எங்களுக்குத் தடித்த உடுப்புகள் தந்தார், காலிலிருந்து கழுத்து வரை ஒரே உடுப்பு. போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன். குளிர்சாதனப் பெட்டிக்குக் கையும் காலும் முளைத்தது போல இருந்தது. ஹெல்மற்தான் இறங்க மாட்டேன் என்றது. என் கொண்டை விடவில்லை. தாடிக்காரர் பெரிய ஹெல்மற் ஒன்று எடுத்து வந்தார். அது கொண்டைக்கு மேலே போனது, ஆனால் தளர்ந்து, அதன் முன்பக்கம் பின்பக்கமாகத் திரும்பிக்கொண்டது. கடைசியில் மருமகள் கொண்டையை அவிழ்த்து, பின்னி, பின்னலை உடுப்புக்குள்ளே விட்டாள். "மாமி, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருக்கிறியள்," என்றாள். கண்ணாடியில் இன்னொரு தரம் பார்த்தேன். பொய் என்று சொல்ல மனம் வரவில்லை.

பிறகு தாடிக்காரர் மேசைக்குப் பின்னால் நின்று, வண்டி ஓடப்போகிறவர்களின் லைசன்ஸைக் காட்டச் சொன்னார். மகன் காட்டினான். மற்ற வண்டியை மருமகள் ஓடுவதாகத்தான் பேச்சு. அவள் கைப்பையைத் திறந்தாள். கிளறினாள். கவிழ்த்துக் கொட்டினாள். உதட்டுச் சாயம் வந்தது, சீப்பு வந்தது, காய்ந்த பேரீச்சம்பழம் ஒன்று வந்தது. லைசன்ஸ் வரவில்லை.

"மற்ற பாக்கிலை விட்டிட்டன்," என்றாள்.

"எத்தினை பாக் உமக்கு?" என்றான் மகன். "சரி, நான் அம்மாவை ஏத்திறன். நீர் உந்தத் தாடிக்காரருக்குப் பின்னாலை இரும்."

அவளுடைய முகம் சுருங்கிப்போனது. ஆசைப்பட்டுப் பதிந்தவள் அவள். இனி அவளும் நானும் இரண்டு பொதிகளாகப் பின்னால் இருக்க வேண்டும்.

நான் என் கைப்பையைத் திறந்தேன். அதற்குள் சின்னப் பை. அதற்குள் பிளாஸ்டிக் உறை. அதற்குள் ஒரு பக்கம் பிள்ளையார், மறுபக்கம் என்னுடைய லைசன்ஸ். சீட்டு விளையாட்டில் கடைசித் துரும்பை வைப்பது போல மேசையில் வைத்தேன்.

தாடிக்காரர் லைசன்ஸைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் லைசன்ஸைப் பார்த்தார். "நல்லது," என்று ஆங்கிலத்தில் சொல்லி என் பெயரை எழுதிக்கொண்டார்.

"இல்லை இல்லை," என்று மகன் அவருடன் ஆங்கிலத்தில் தொடங்கினான். "என் அம்மா கொஞ்சம்..." அதற்குப் பிறகு என்ன சொல்லைப் போடுவது என்று தெரியாமல் நின்றான். நானும் பார்த்துக்கொண்டு நின்றேன். தாடிக்காரரும் காத்துக்கொண்டு நின்றார். சொல் வரவில்லை. என் பக்கம் திரும்பினான்.

"அம்மா, விசர் வேலை பாக்காதேங்கோ."

"நானே கேட்டனான்? அவர் கேட்டவர், காட்டினனான்."

"நான் மாமிக்குப் பின்னாலை இருக்கிறன்," என்றாள் மருமகள். முகம் மலர்ந்துவிட்டது.

"உமக்கு உயிரிலை ஆசை இல்லையே?"

"உங்களோடை இத்தினை வருசம் காரிலை வந்தனான்தானே."

நான் அப்போதே பேச்சை முடித்துவிட வேண்டும் என்று நினைத்தேன். "தம்பி, இஞ்சை பார். நான் இந்த வண்டியைக் கவிழ்க்காமல், ஒருதரும் வந்து பிடிக்காமல் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தன் எண்டா, திறப்பைத் தரவேணும்."

"கவிழ்த்தா?"

"கவிழ்த்தாக் காரை வித்துப்போடு. நானே கையெழுத்து வைச்சுத் தாறன்."

அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். "சரி," என்றான். மருமகள் சாட்சி.

வண்டியில் ஏற முன்னர் ஒரு வேலை இருந்தது. எங்கள் ஆட்கள் புதுக் கார் எடுத்தால் நேரே கோயிலுக்குக் கொண்டுபோய், சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து, தேங்காய் அடித்துத்தான் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். இது சில்லில்லாத வண்டி. அடியில் அகலமான றப்பர்ப் பெல்ற் ஒன்று, முன்னுக்கு இரண்டு சறுக்குக் கட்டைகள். அதற்காகப் பிள்ளையாரை விட முடியுமா? தேவையான சாமான்களை நான் வீட்டிலிருந்தே கொண்டு வந்திருந்தேன். தேசிக்காய் இரண்டையும் சறுக்குக் கட்டைகளுக்கு முன்னால் வைத்தேன். வைத்த உடனேயே ஸ்னோவுக்குள் இறங்கிக் காணாமல் போய்விட்டன. பரவாயில்லை, கீழே இருக்கின்றனதானே. பிறகு பையிலிருந்து தேங்காயை எடுத்தேன்.

"அம்மா! என்னணை உது? வாடகை வண்டிக்கு ஆராவது தேங்காய் அடிப்பினமே?"

"வண்டிதான் வாடகை. ஓடுற நான் வாடகை இல்லை."

கரையோடு, உறைந்து கிடந்த ஏரியில் கொஞ்ச இடத்தை, சறுக்கி விளையாடுவதற்காக ஸ்னோ வழித்துப் பளிங்குபோல வைத்திருந்தார்கள். சிதறு தேங்காய்க்கு அதைவிட நல்ல இடம் கிடையாது என்று எனக்குப் பட்டது. கண்ணை மூடி, பிள்ளையாரிடம் திறப்பு விசயத்தையும் சொல்லி, தேங்காயைத் தலைக்கு மேலே தூக்கி ஓங்கினேன். கையில் கிடந்த தடித்த கையுறை வழுக்கிவிட்டது. தேங்காய் சரிந்து விழுந்தது. உடையவில்லை. ஓடியது! பனிக்கட்டியின் மேல், குடுமியைச் சுழற்றிக்கொண்டு, நிற்காமல் ஓடியது. அதற்கு ஆராவது திறப்புப் போட்டு விட்டது போல.

"பாத்தீங்களே அம்மா?" என்றான் மகன். "பிள்ளையாரே வேண்டாம் எண்டுறார்."

கோயிலுக்கு வந்தால் சப்பாத்துக்குக் காவல் நிற்கிறேன் என்று வெளியிலேயே நிற்கிற பிள்ளை இது. அன்றைக்குப் பிள்ளையாருக்காகக் கதைக்க வெளிக்கிட்டுவிட்டது.

இதற்கிடையில் தாடிக்காரர் இரண்டு கைகளையும் தூக்கி ஏதோ கத்திக்கொண்டு, கதவடியில் கிடந்த தும்புத்தடியை எடுத்துக்கொண்டு ஓடினார். தேங்காய்க்கு முன்னால் குனிந்து பனிக்கட்டியைக் கூட்டு கூட்டென்று கூட்டினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மருமகள்தான் சிரிப்புக்கு நடுவில் சொன்னாள். இங்கே பனிக்கட்டியில் வட்டக் கல்லைத் தள்ளிவிட்டு, அதற்கு முன்னால் கூட்டிக்கொண்டே ஓடுகிற ஒரு விளையாட்டு இருக்கிறதாம். நாங்கள் அதைத் தேங்காயால் விளையாட வந்திருக்கிறோம் என்று மனிதர் நினைத்துவிட்டார். தேங்காய் மறு ஓரத்து ஸ்னோக் குவியலில் முட்டி நின்றது. அவர் அதைப் பிள்ளையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு வந்து, "இன்னொரு தரமா?" என்று என்னிடம் கேட்டார். மகன் முகம் சிவந்து அவருக்கு ஏதோ விளங்கப்படுத்தினான்.

"என்ன சொன்னனீ?" என்று கேட்டேன்.

"ஒரு மாதிரி இன்சூரன்ஸ் எண்டு சொன்னனான்."

கரையில் கருங்கற் பாறை ஒன்று தலை நீட்டிக்கொண்டு நின்றது. அதன் மேலிருந்த ஸ்னோவைத் தட்டிவிட்டேன். கையுறையைக் கழற்றி மருமகளிடம் கொடுத்தேன். வெறுங்கையால் ஓங்கி ஒரே அடி. தேங்காய் சுக்குநூறாகச் சிதறியது. தேங்காய்த் தண்ணீர் பாறையில் வழிகிறதும் தெரிந்தது, அப்படியே உறைகிறதும் தெரிந்தது. எங்கள் கோயிலடியில் சின்னப் பிள்ளைகள் ஓடி வந்து பொறுக்குவார்கள். இங்கே தாடிக்காரரின் நாய் வந்தது. பெரிய துண்டாகப் பார்த்துக் கவ்விக்கொண்டு மரவீட்டுக்குப் பின்னால் ஓடிவிட்டது. தாடிக்காரர் கை தட்டினார். நான் மகனைப் பார்த்தேன். "பிள்ளையார் இப்ப என்ன சொல்லுறாராம்?" என்று கேட்டேன். அவன் ஹெல்மற்றைப் போட்டுக்கொண்டான்.

வண்டி ஓடப் பழகியது ஒரு பெரிய விசயமே இல்லை. வலது கைக் கட்டைவிரலால் ஒரு சின்னத் தகட்டை அமத்தினால் போகும். விட்டால் நிற்கப் பார்க்கும். இடது கையில் பிறேக். ஒரு சிவப்புக் கயிறு, ஒரு முனை வண்டியில், மறுமுனை என் உடுப்பில். ஆள் விழுந்தால் கயிறு கழன்று வண்டி தானாக நின்றுவிடுமாம். கைபிடி இரண்டும் சுடச்சுட இருந்தன, உள்ளே சூடு வைத்திருக்கிறார்கள்! இந்த ஒரு வசதிக்காகவே என் காரைக் கொஞ்சம் குறைவாக நினைத்தேன்.

முதல் அமத்தலில் வண்டி துள்ளியது. தொழிற்சாலையில் பிஸ்கற் போகிற பெல்ற்றை நான் முதன்முதல் தட்டியபோதும் இப்படித்தான் துள்ளியது, பிஸ்கற் எல்லாம் மேற்பார்வையாளரின் மடியில் போய் விழுந்தது. இந்த முறை மருமகள் என் முதுகில் வந்து விழுந்தாள். "மாமி!" என்று கத்தினாள். பிறகு, "ஒண்டுமில்லை, போங்கோ," என்றாள்.

போனேன். தாடிக்காரர் முன்னுக்கு, நாங்கள் நடுவில், மகன் பின்னுக்கு. பின்னால் வந்தது என்னைக் கண்காணிக்கத்தான், எனக்குத் தெரியாதா? ஏரியைக் கரையோடு கடந்து ஆற்றுக்குள் இறங்கினோம். ஆற்றின் மேல்! கீழே தண்ணீர் ஓடுகிறது, மேலே நான் ஓடுகிறேன். எங்கே போகலாம் என்று தடிகள் நட்டு வைத்திருந்தார்கள். நீரோட்டம் கூடிய இடங்களில் பாதை ஆற்றை விட்டு விலகிக் காட்டுக்குள்ளே ஏறி, மறுபடியும் ஆற்றுக்கு வந்தது. இரண்டு பக்கமும் மரங்கள் ஸ்னோவைச் சுமந்துகொண்டு நின்றன. வளைவில் நான் சரிந்தால் மருமகளும் சரிந்தாள். நேர்ப் பாதையில் கட்டைவிரலைக் கொஞ்சம் கூட அமத்தினால், ஹெல்மற்றுக்குள் என்னை அறியாமல் ஒரு சத்தம் வந்தது. பாட்டா, கூச்சலா, எனக்கே தெரியாது. பின்னாலிருந்து அதே சத்தம் இன்னொரு குரலில் வந்தது. இரண்டு பெண்கள் இப்படிக் கத்திக்கொண்டு ரொறன்ரோவில் போனால் பொலிஸ் வரும். இங்கே ஒரு முயல்தான் வந்து பார்த்தது.

ஓரிடத்தில் பாதை ஒரு தெருவைக் குறுக்கறுத்தது. நிறுத்தச் சொல்கிற எட்டுமூலைச் சிவப்புப் பலகை நின்றது. கண்ணுக்கெட்டிய தூரம் ஈ காக்கை இல்லை. நான் முழுதாக நிறுத்தினேன். இடம் பார்த்தேன், வலம் பார்த்தேன், திரும்பவும் இடம் பார்த்தேன். பிறகுதான் எடுத்தேன்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, அந்த ஆற்று வளைவு வரும் வரைக்கும். எதிரே வேறு ஆட்கள் வரிசையாக வண்டிகளில் வந்தார்கள். முன்னால் வந்தவர் கையைத் தூக்கி விரல்களைக் காட்டினார். அடுத்தவரும் காட்டினார். தனக்குப் பின்னால் இத்தனை வண்டி வருகிறது என்று சொல்கிற சைகையாம் அது. எனக்கு அது பிறகுதான் தெரியும். அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம், முன்பின் தெரியாத மனிதர்கள் வரிசையாக வணக்கம் சொல்லிக்கொண்டு போகிறார்கள், நான் கல்லுப்போல இருக்கிறேன் என்பதுதான். ஒருவர் கும்பிட்டால் திருப்பிக் கும்பிடாமல் போய் எனக்குப் பழக்கமில்லை. கைபிடியை விட்டேன். இரண்டு கைகளையும் கூப்பி நெஞ்சுக்கு நேரே வைத்துக் கும்பிட்டேன்.

கட்டைவிரல் எடுபட்டதால் வண்டி மெல்ல மெல்ல இழைந்து, நடு ஆற்றில் அப்படியே நின்றுவிட்டது. நான் கும்பிட்டபடி இருந்தேன். பின்னால் மகன் பிறேக் பிடித்த சத்தம் கேட்டது. எதிர் வரிசையில் கடைசியாக வந்த மனிதர் வண்டியை நிறுத்தி, ஹெல்மற்றோடு சேர்ந்து தலையைக் குனிந்து என்னைத் திருப்பிக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

"அம்மா!" மகன் இறங்கி ஓடி வந்தான். "என்னணை செய்யிறியள்? நடு ஆத்திலை கையை விட்டிட்டு!"

"கிட்ட வராதை. நீ வந்து பிடிச்சா நான் தோத்திடுவன். கவிழ்ந்ததே?"

"கவிழேல்லை, ஆனா..."

"அப்ப போய் ஏறு."

மருமகள் என் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கினாள். இந்த முறை தோள் மட்டும் போதவில்லை, முழு ஆளும் குலுங்கியது.

ஆற்றங்கரையில் ஒரு சின்னக் குடிலில் இளைப்பாறினோம். தாடிக்காரரின் வண்டி இயந்திரத்தோடு ஒரு தகரப் பெட்டி பூட்டியிருந்தது. அந்தச் சூட்டில் சாப்பாடு சூடாகுமாம். நான் சுற்றிக் கொண்டுவந்த ஆட்டிறைச்சி றோல்ஸைப் புறப்படும்போதே அதற்குள் வைக்கச் சொல்லியிருந்தேன். எடுத்தபோது ஆவி பறந்தது. தாடிக்காரர் ஒன்றைக் கடித்தார். கண்ணில் நீர் வந்தது. தாடியில் உறைந்து கிடந்த பனி சொட்டுச் சொட்டாக விழத் தொடங்கியது. இன்னொன்று கேட்டார்.

மகன் என் பக்கத்தில் வந்து இருந்தான். "அம்மா, நான் உங்களோடை பகிடிக்குக் கதைக்கேல்லை," என்றான். "வேலையிலை இருக்கேக்கை தெரியாத நம்பரிலையிருந்து போன் வந்தா எனக்கு நெஞ்சு அடிக்குது. பொலிஸ்தான் எடுக்குதோ எண்டு. கார் எங்கை கிடக்குதோ, நீங்கள் எப்பிடிக் கிடக்கிறியளோ எண்டு."

சிரித்துக்கொண்டிருந்த எனக்கு ஒரு நிமிடம் சிரிப்பு நின்றது. அவனுடைய முகத்தில் மூக்கு நுனி மட்டும் சிவந்திருந்தது. சின்னதில் காய்ச்சல் வந்தால் அப்படித்தான் சிவக்கும்.

"நீ முதல் முதல் கார் எடுத்துக்கொண்டு அந்தப் பெரிய ஹைவேயிலை ஏறின நாள் தொடக்கம் எனக்கும் அப்பிடித்தான் தம்பி," என்றேன். "இண்டைக்கும் ஸ்னோ கொட்டினா நீ வீட்டை போய்ச் சேந்தனீயோ எண்டு அவளுக்குப் போன் எடுக்கிறனான். கேட்டுப் பார். அதுக்காக உன்ரை திறப்பை நான் பறிச்சனானே?"

அவன் இன்னொரு றோல்ஸ் எடுத்துச் சாப்பிட்டான். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். மருமகள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போதும் நான் கவிழ்க்கவில்லை. ஒருவரும் வந்து பிடிக்கவில்லை. ஏரிக்கரையில் மரவீட்டுக்கு முன்னால் வண்டியை நேராகக் கொண்டுவந்து நிறுத்தி, ஹெல்மற்றைக் கழற்றி, கையை நீட்டினேன்.

மகன் தலையைச் சொறிந்தான். "அம்மா, இது ஸ்னோ. ரோட்டு வேறை."

"பேச்சு என்ன?"

"நடு ஆத்திலை கையை விட்டுக் கும்பிட்டதைக் கணக்கெடுக்க வேண்டாமே?"

"கும்பிட்டா வண்டி கவிழும் எண்டு ஆர் சொன்னது?"

மருமகளுக்குப் பொறுமை போய்விட்டது. "நீங்கள் பின்னாலை வந்து எங்கடை முதுகைத்தான் பாத்தனீங்கள். ஒருக்கா மாமிக்குப் பின்னாலை ஏறி இருந்து பாருங்கோ. பிறகு கதையுங்கோ," என்றாள். தாடிக்காரரிடம் போய் ஏதோ கேட்டாள். றோல்ஸ் சாப்பிட்ட மனிதர் எதற்குத்தான் இல்லை என்பார்? வளைகுடா மாதிரி இருந்த அந்த ஏரி ஓரத்தில், தடி நட்ட எல்லைக்குள்ளே ஒரு சுற்று வரலாம் என்றார்.

மகன் ஏறினான். முதலில் ஆம்பிளை மாதிரி பக்கத்துப் பிடிகளைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து இருந்தான். நான் கட்டைவிரலை வைத்தேன். முதலில் மெல்ல. பிறகு கொஞ்சம். அந்த வெளி முழுக்க ஒரு தடமும் இல்லாத புது ஸ்னோ. பிறகு இன்னும் கொஞ்சம். வண்டி பாய்ந்தது. ஸ்னோ எழும்பி இரண்டு பக்கமும் வெள்ளைச் சேலை விரித்தது போலப் பறந்தது. அவன் பக்கத்துப் பிடிகளை விட்டான். இரண்டு கைகளாலும் என் இடுப்பைச் சுற்றிக் கட்டிப் பிடித்தான்.

"அம்மாஆஆ!"

வேலைத்தலத்தில் பத்துப் பேரை மேய்க்கிற பிள்ளை. தலையில் பாதி நரை. கத்தினான். கத்தினது சிரிப்பாக மாறியது. சிரிப்பு விக்கலாக மாறியது. வளைவில் நான் சரிந்தேன், அவனும் சரிந்தான். "இன்னும் அம்மா, இன்னும்!" என்றான். எனக்கும் அடக்க முடியவில்லை. ஒரு சுற்று முடிந்தது தெரியாமல் முடிந்துவிட்டது. தொடங்கின இடத்தில் பிறேக் பிடித்து நிறுத்தினேன். மருமகள் போனைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டு நின்றாள். தாடிக்காரர் விரலைக் காட்டி, இன்னொரு சுற்றும் போகலாம் என்றார்.

"போவம் அம்மா," என்றான் மகன். மூச்சு வாங்கியது. "எடுங்கோ வண்டியை."

நான் எடுக்கவில்லை. கையுறையைக் கழற்றினேன். திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்பக்கமாக நீட்டினேன், உள்ளங்கை மேலே பார்க்க.

"அம்மா... வீட்டை போய்த் தாறன்."

"வீட்டை போய் வண்டியும் எடுக்கிறன்."

கரையில் நின்ற மருமகள் சிரித்தது கேட்டது. பின்னால் அவன் கையுறையைப் பல்லால் கடித்து இழுக்கிற சத்தம். தடித்த உடுப்பின் சிப்பைக் கழுத்திலிருந்து வயிறு வரைக்கும் இறக்குகிற சத்தம். அதற்குள்ளே மேல்சட்டை, அதன் சிப். அதற்குள்ளே கம்பளிச் சட்டை. "ஐயோ குளிருது, ஐயோ குளிருது," என்று பல் கிடுகிடுக்கத் தேடினான். நான் அவசரப்படுத்தவில்லை. எனக்கென்ன, கைபிடி சூடாக இருந்தது.

"ஆனா ஒண்டு," என்றான், உடுப்புக்குள்ளே தலையை விட்டபடி. "வெளிக்கிடேக்கையும் எனக்குச் சொல்லவேணும். வந்து சேந்தாலும் சொல்லவேணும்."

"சொல்லுறன்."

"அந்தத் தூண்..."

"தூணிட்டையும் நீ சொல்லி வை."

திறப்பு என் உள்ளங்கையில் விழுந்தது. அவன் நெஞ்சுச் சூட்டில் கிடந்ததால் சுடச்சுட இருந்தது. அதை இடது கைக் கையுறைக்குள்ளே போட்டு, கையையும் உள்ளே விட்டு இறுக்கிக்கொண்டேன். அவன் சிப்பை ஒவ்வொன்றாக ஏற்றி முடிக்கும் வரை காத்திருந்தேன். என் இடுப்பில் அவன் கைகள் திரும்பவும் வந்து சேர்ந்ததும் கட்டைவிரலை அமத்தினேன், இந்த முறை முதலில் மெல்ல என்பதெல்லாம் இல்லை.